முழங்கையிலிருந்து விரல்நுனி வரை: இறந்தவர்களுக்காக ஒரு ஆர்ட் ஜர்னல்

அப்பா இறந்த மூன்றாவது வாரம் முதல் ஆர்ட் ஜர்னலை, அதாவது ஒட்டியும் வரைந்தும் எழுதியும் நிரப்பும் நோட்டைத் தொடங்கினேன். மேஜை டிராயரில் கிடந்த சாதாரணக் கோடு போட்ட நோட்டு. அப்பாவின் பழைய படங்கள் பதினொன்று, நான் விடுதியில் இருந்தபோது அவர் எழுதிய கடிதம், அவருடைய சட்டைப் பையில் கடைசியாக இருந்த இரண்டு ரசீதுகள், எல்லாவற்றையும் ஒரே இரவில் வெள்ளைப் பசை வைத்து ஒட்டினேன். இடையிடையே ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். விடிவதற்குள் நோட்டு நிறைந்துவிட்டது. கைக்கு ஒரு வேலை கிடைத்ததே அன்றைக்குப் போதுமாக இருந்தது.

நான்கு வருடம் கழித்து அதைத் திறந்தேன். ரசீதுகள் இரண்டும் வெறும் தாள்களாகியிருந்தன. அவை வெப்பத்தில் அச்சாகும் தாள்கள், அதில் மை என்று எதுவும் கிடையாது, நாள்பட்டால் எழுத்து தானாகவே மறைந்துவிடும். படங்கள் வளைந்து, இரண்டு எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது முகம் உரிந்து வந்தது. கடிதத்தின் நீல மை பசை பட்ட இடமெல்லாம் ஊறிப் பரவியிருந்தது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் நான்கு வரிகள் இருந்தன. அந்தப் பக்கத்தைத்தான் நான் பசை தடவி ஒட்டியிருந்தேன். இப்போது அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இரண்டு வரிகள் இடவலம் மாறித் தெரிகின்றன. மற்ற இரண்டும் தெரியவில்லை.

பழைய காகிதங்களைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கும் தோழி ஒருத்தியிடம் அதை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கோபப்படவில்லை. "ஒட்டினது தப்பில்ல. அசலை ஒட்டினதுதான் தப்பு," என்றாள். அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் என் இரண்டாவது நோட்டு பிறந்தது. அதற்குள் அத்தையும் போய்விட்டிருந்தார். அப்பாவின் அக்கா, என்னைப் பாதி வளர்த்தவர். அதனால் இரண்டாவது நோட்டு இரண்டு பேருக்கானது. பிறகு அதில் மூன்றாவதாகவும் ஒருவன் சேர்ந்தான்.

இந்த நோட்டில் ஒட்டிய அசல் எதுவும் கிடையாது. படங்கள், கடிதங்கள், அடையாள அட்டை எல்லாமே பிரதிகள். இது ஏதோ கறாரான விதிபோலத் தோன்றலாம், ஆனால் எனக்கு விடுதலையாக இருந்தது. அசல் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பிரதியை வெட்டவும், கிழிக்கவும், மேலே வண்ணம் பூசவும் துணிச்சல் வந்தது. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு அதன்மேல் யாராலும் தூரிகை வைக்க முடியாது.

அதனால் ஸ்கேன் செய்வதைத்தான் முதல் வேலையாகச் சொல்வேன். சாதாரண அளவுப் படங்களுக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதும், அப்படிச் செய்தால் இரண்டு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் தெளிவு கெடாது. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள், பழுப்பேறிய நிறமும் கறையும் அந்தப் படத்தோடு சேர்ந்தவைதான். கடிதமானால் இரண்டு பக்கமும். வெற்றுப் பக்கம் என்று தோன்றினாலும் சரி. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், வண்ணப் படங்களிலிருந்து என்பேன். 1970களிலும் 80களிலும் அச்சான வண்ணப் படங்களின் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கிக்கொண்டேதான் போகும். நன்றாகக் கழுவி எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் அவற்றைவிட நெடுநாள் தாங்கும். மருத்துவமனையில் தரும் இசிஜி தாள், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் படம் போன்றவை பெரும்பாலும் வெப்பத்தாள்கள்தான். கடைசி நாட்களின் நினைவாக அதை வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் உறையைத் தூக்கினால் பசைக்கோடுகள் தெரியுமே, அந்த வகை ஆல்பத்தில்தான் அத்தையின் படங்கள் முழுக்க இருந்தன. அந்தப் பசை காலப்போக்கில் இறுகிவிடும். நகத்தால் நெம்பினால் படம் கிழியும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் கொடுத்து, ரம்பம்போல மெதுவாக இழுத்து எடுக்கச் சொன்னாள் தோழி. நாற்பது படங்களுக்கு இரண்டு மாலைகள் ஆயின. மூன்று படங்கள் வரவே இல்லை, அவற்றைப் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு விட்டுவிட்டேன். வராததை வற்புறுத்தக் கூடாது.

அசல்களை வைக்கும் உறை பிவிசி என்ற பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன், பாலிஎத்திலீன் மூன்றும் நல்லவை. லேமினேஷன் வேண்டவே வேண்டாம், செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது. ஈரமும் சூடும் மாறி மாறி வரும் இடங்களைத் தவிர்த்து, படுக்கையறை அலமாரி போன்ற இடத்தில் வையுங்கள். படத்தின் பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும். கடினமான பரப்பில் வைத்து, அழுத்தாமல், ஓரமாக எழுத வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பின்புறத்தில் பென்சில் ஏறாது, அதற்கு உறையின் மேல் எழுதிக்கொள்ளலாம்.

நோட்டுக்கு வருகிறேன். மட்டமான காகிதம் மஞ்சளாகி நொறுங்குவதற்கு அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் காரணம், செய்தித்தாள் அதற்குக் கண்ணெதிரே உள்ள சாட்சி. அமிலமற்றது என்று போட்ட தாளாகப் பாருங்கள். வட்டத்துக்குள் முடிவிலிக் குறி இருந்தால் அது ஐஎஸ்ஓ 9706 என்ற நிலைத்த காகிதத் தரத்துக்கு உட்பட்டது என்று அர்த்தம். வண்ணமும் பசையும் தாங்க வேண்டுமானால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வாட்டர்கலர் தாள் வசதி. அப்புறம், ஒட்ட ஒட்ட நோட்டு தடித்துக்கொண்டே போகும், முதுகு விரியும், மூடவே மூடாது. அதனால் தொடங்கும்போதே மூன்றில் ஒரு தாளை முதுகுப் பக்கம் ஒரு விரல்கடை விட்டு வெட்டி எடுத்துவிடுவேன். அந்த அடிக்கட்டைகள் தடிமனுக்கு இடம் கொடுக்கும், மடிப்புத் தாள்களை ஒட்டவும் உதவும்.

வண்ணங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மூடிவைக்கும் நோட்டுக்குள் வெளிச்சம் குறைவு, எனவே நிறம் மங்கும் கவலையும் குறைவு. ஆனால் எழுதும் பேனா பிக்மென்ட் மை (நிறத்துகள் கலந்த மை) உள்ளதாகவும் தண்ணீரில் கரையாததாகவும் இருக்கட்டும். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, முதல் பக்கத்தில் என்ன செய்வது? எல்லோரும் முகத்திலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், மூன்று முறை அப்பாவை வரைந்தேன், மூன்று முறையும் அது அப்பா இல்லை. ஒரு முகம் சரியாக வராதபோது அவரை இன்னொரு முறை இழப்பதுபோல இருக்கிறது. நீங்கள் ஓவியராக இருந்தாலும் முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொருட்களிலிருந்து தொடங்கலாம். அப்பாவின் மூக்குக் கண்ணாடி, அதன் இடது காதுப் பிடியில் அவரே சுற்றிய நூல். அத்தையின் ஊசிப் பெட்டி, அதற்குள் நிறவாரியாக அடுக்கிய பொத்தான்கள். பொருட்களை வரையும்போது கை நடுங்குவதில்லை. அது மட்டுமில்லை, ஒரு பொருளை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அதைத் தொட்ட கை மெல்ல நினைவுக்கு வரும். நூல் சுற்றிய அந்தப் பிடியை வரைந்துகொண்டிருந்தபோதுதான், நூலின் நுனியை அப்பா பல்லால் கடித்து அறுத்தது ஞாபகம் வந்தது. அதை எந்தப் படமும் எனக்குச் சொல்லியிருக்காது.

பிறகு வீட்டு வரைபடம். நாங்கள் வளர்ந்த, இப்போது எங்களிடம் இல்லாத வீட்டை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்தேன். யார் எங்கே உட்காருவார்கள், எந்த ஜன்னல் பக்கம் அப்பா நிற்பார், அத்தையின் நாற்காலி எந்தத் திசை பார்த்திருக்கும் என்று குறித்துக்கொண்டே போனேன். அம்மா பார்த்துவிட்டு, "கதவு இந்தப் பக்கம் திறக்காதுடி," என்று திருத்தினார். திருத்தத்தைச் சிவப்பில் அப்படியே விட்டிருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை கையெழுத்தைப் படியெடுப்பது. அப்பாவின் கடிதப் பிரதியை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே மெல்லிய தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அவர் எழுதிய வழியிலேயே எழுதினேன். அப்பா 'கு' எழுதும்போது கடைசிச் சுழிப்பை நீட்டி அடுத்த எழுத்தின் தலைவரை கொண்டுபோவார். வேகமாக எழுதினால்தான் அது வரும். மெதுவாகப் படியெடுத்தால் கோடு நடுங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு தடவை எழுதிய பிறகு, கீழே கடிதம் இல்லாமலே அந்தச் சுழிப்பு என் மணிக்கட்டிலிருந்து வந்தது. அன்று வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. படத்தைப் பார்ப்பது வேறு. அவருடைய கை செய்த அசைவை என் கை செய்வது வேறு. இதற்கு ஓவியத் திறமை எதுவும் வேண்டாம், ஒரு ஜன்னலும் ஒரு பென்சிலும் போதும்.

குரலுக்கும் ஒரு பக்கம் வைத்தேன். என் பழைய கைபேசியில் அப்பா விட்ட குரல் செய்தி ஒன்று இருந்தது, 17 நொடிகள். "பாப்பா, ஒண்ணும் அவசரமில்ல, அப்புறம் கூப்பிடு." அவ்வளவுதான் சொல்கிறார், மீதி நேரமெல்லாம் இருமலும் போனை வைக்கத் தெரியாமல் தடவுவதும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்தால் ஒலி அலை வரைபடமாகத் தெரியும். அதை அச்சிட்டு, நீள வாக்கில் இரண்டு பக்கங்களுக்கும் குறுக்கே மையால் வரைந்தேன். 'பாப்பா' என்ற இடத்தில் அடுத்தடுத்து இரண்டு மேடுகள். இப்போது விரலை வைத்துத் தடவியே எந்த இடம் எது என்று சொல்வேன். இப்படியான செய்தி உங்களிடம் இருந்தால், கைபேசி மாறும்போது அது தானாகக் கூடவே வரும் என்று நம்பாதீர்கள். தனிக் கோப்பாக எடுத்து இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

முகம் கடைசியில் வந்தது, வரைந்து அல்ல, பதித்து. லேசர் பிரிண்டரில் எடுத்த பிரதிதான் இதற்கு வேண்டும். அதன் டோனர் என்ற மைத்தூள் ஒருவகை பிளாஸ்டிக், அக்ரிலிக்கோடு ஒட்டிக்கொள்ளும். இங்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீர் பட்டதும் ஓடிவிடும். தாளில் அக்ரிலிக் ஜெல் மீடியம் என்ற நிறமற்ற கூழைச் சீராகத் தடவி, பிரதியை முகம் கீழே இருக்கும்படி வைத்து, காற்றுக்குமிழி இல்லாமல் தேய்த்து, ஒரு இரவு முழுக்கக் காயவிட வேண்டும். மறுநாள் பின்பக்கத்தை ஈரப்படுத்தி விரல்நுனியால் வட்டமாகத் தேய்த்தால் காகிதம் திரித்திரியாக உரிந்து, படம் மட்டும் தங்கும். ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். காய்ந்த பிறகு வெள்ளையாகப் படர்ந்திருந்தால் மறுபடி நனைத்துத் தேய்க்கலாம். அழுத்தித் தேய்த்தால் படமும் சேர்ந்து போய்விடும். முடிந்ததும் எதிர்ப்பக்கத்துக்கு நடுவே மெழுகுத்தாள் ஒன்று வையுங்கள், அக்ரிலிக் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை.

இப்படிப் பதித்தால் படம் இடவலம் மாறிவிடும், எனவே கணினியில் முன்கூட்டியே திருப்பி அச்சிட வேண்டும். முதல் தடவை எனக்கு அது தெரியாது. பதித்து முடித்து அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "உங்கப்பா வகிடு இந்தப் பக்கம் இல்லையே," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, இதையும் கெடுத்துவிட்டேனே என்று. திருப்பி அச்சிட்டு வேறு பக்கத்தில் சரியாகப் பதித்தேன். ஆனால் பழைய பக்கத்தைக் கிழிக்கக் கை வரவில்லை. சில நாள் கழித்துத்தான் தோன்றியது: காலையில் கண்ணாடி முன் நின்று தலை வாரும்போது அப்பா பார்த்த முகம் அதுதான். நாங்கள் யாரும் பார்த்திராத, அவருக்கு மட்டும் பழக்கமான முகம். இரண்டு பக்கங்களும் இப்போது எதிரெதிரே இருக்கின்றன.

நல்லதை மட்டுமே வைத்தால் இந்த நோட்டு பொய்யாகிவிடும் என்பது என் எண்ணம். அத்தைக்கும் எனக்கும் கடைசி இரண்டு வருடங்கள் பேச்சு இல்லை. அதை எப்படி வைப்பது என்று தெரியாமல் அவருடைய பகுதியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன். பிறகு ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். மாணவர்கள் தங்களை வெகுவாகப் பாதித்த நிகழ்வைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், நான்கு நாட்கள் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ உதவி தேடிப் போனது குறைந்தது. எழுதியவுடன் கனமாக இருப்பது இயல்புதான் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய தைரியம். நான்கு நாட்கள் அத்தைக்கு எழுதினேன், கோபமும் சேர்த்து. அந்தத் தாள்களை மடித்து, அவருடைய பழைய துணியின் துண்டு ஒன்றில் பை தைத்து, உள்ளே வைத்து வாயைத் தைத்துவிட்டேன். நோட்டைப் புரட்டும் யாரும் அந்தப் பையைப் பார்க்கலாம், படிக்க முடியாது. வெளியே பொத்தான் ஒன்று, அவருடைய பெட்டியிலிருந்து. நோட்டில் இருக்கும் ஒரே அசல்கள் அந்தத் துணியும் பொத்தானும்தான். ஒட்டாமல் தைத்ததால் அவற்றை எப்போது வேண்டுமானாலும் பிரித்து எடுக்கலாம்.

ஒரே இரவில் நோட்டை நிரப்பியவள் நான். இப்போது நாற்பது நிமிடத்துக்கு மணி வைத்துக்கொள்கிறேன். மணி அடித்ததும் தூரிகையைக் கழுவி, வெளியே நடந்துவிட்டு வருவேன். சில வாரம் நோட்டைத் தொடவே மாட்டேன். முன்பெல்லாம் அது குற்ற உணர்வாக இருந்தது, மறந்துபோகிறேனோ என்று. மார்கரெட் ஸ்ட்ரோபேவும் ஹென்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த கருத்து அதற்கு மருந்தானது. துயரத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார், ஆறுவதே அந்தப் போக்குவரத்தால்தான் என்கிறார்கள். நோட்டை மூடி வைக்கும் நாட்களும் அதில் சேர்த்திதான். ஆனால் மாதங்கள் பல போன பிறகும் அன்றாட வேலை எதையும் செய்ய முடியாமல், ஏக்கம் ஒவ்வொரு நாளும் அதே வேகத்தில் இருந்தால், அதை நோட்டால் மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். நீடித்த துயரக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே அது இருக்கிறது. ஒரு மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள், நோட்டு காத்திருக்கும்.

மூன்றாவது ஆள் என்று சொன்னேனே, அவன் என் தம்பி. பிறந்து ஒன்பது நாள் இருந்தான். எனக்கு அப்போது இரண்டு வயது, எதுவும் நினைவில்லை. படம் கிடையாது, பெயர்கூட வைக்கவில்லை. வீட்டில் அவனைப் பற்றி யாரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. ஒருநாள் அம்மா அந்த நோட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். கடைசியில் இருந்த வெற்றுத் தாள்களைத் தடவிக்கொண்டே, "அவனுக்கு ஒண்ணும் இல்லையே," என்றார். யார் என்று நான் கேட்கவில்லை.

படம் இல்லாத ஒருவருக்கு என்ன செய்வது? நான் தயாராக எதையும் வைத்திருக்கவில்லை. "எப்படி இருந்தான்மா?" என்று மட்டும் கேட்டேன். முடி நிறைய இருந்தது என்றார். வலது கை எப்போதும் மூடியே இருக்கும் என்றார். பிறகு தன் இடது கையை மேஜைமேல் நீட்டி வைத்து, "இங்கிருந்து இதுவரைக்கும் இருந்தான்," என்று முழங்கையையும் விரல்நுனியையும் காட்டினார்.

கையை அப்படியே வைத்திருக்கச் சொன்னேன். நோட்டின் பக்கம் அந்த நீளத்துக்குப் போதவில்லை. தனித்தாள் ஒன்றை அடியில் செருகி, பென்சிலால் அம்மாவின் கையைச் சுற்றி வரைந்தேன். முழங்கையில் தொடங்கி, விரல்களின் இடுக்கில் போகாமல் நுனிகளைச் சுற்றி, மறுபடி முழங்கைக்கு. பாதியில் அம்மாவின் கை லேசாக நடுங்கியது, அந்த இடத்தில் கோடு இரட்டையாக விழுந்திருக்கிறது. அழிக்கவில்லை. உள்ளே எந்த நிறமும் பூசவில்லை. கீழே தேதி போடட்டுமா என்று கேட்டதற்கு, அம்மா பேனாவை வாங்கி அவரே எழுதினார், அவன் பிறந்த தேதியும் போன தேதியும்.

தாளை இரண்டாக மடித்து ஓர் அடிக்கட்டையில் ஒட்டியிருக்கிறேன். மடிப்பு சரியாக மணிக்கட்டில் விழுகிறது. அம்மா அதை அடிக்கடி திறந்து பார்ப்பதால், அந்த இடத்தில் பின்னால் மெல்லிய துணிப்பட்டை ஒன்று வைத்துப் பலப்படுத்தியிருக்கிறேன்.